துளை டைட்டானியம் அச்சடிப்பவர்களே, உலைக்கு முன் பவுடரைப் பாருங்கள்

காரைக்குடியில், டைட்டானியப் பவுடரை லேசரால் உருக்கி எலும்பு மூட்டு உறுப்புகளை 3டி அச்சில் எடுக்கும் எங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். ஃபைலில் யூனிட் மாறுவது, அச்சு ஏறும் அடித்தட்டான பிளேட் சமனில்லாமல் போவது எல்லாம் ஒரு தரம் பட்டால் விளங்கிவிடும், அதை விடுங்கள்.

பவுடரோடு உலையில் ஏற்றுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். இடுப்பு மூட்டுக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் எலும்பு உள்ளே வளர்வதற்காக 300 முதல் 600 மைக்ரான் வரை துளை வைக்கிறோம். லேசர் மெஷினில் போடும் பவுடரோ பெரும்பாலும் 15 முதல் 45 மைக்ரான். அச்சடித்து முடிந்ததும் உருகாத பவுடர் துளை முழுக்க அடைத்து நிற்கும். அப்படியே, உள்ளே தங்கிய இறுக்கத்தைத் தளர்த்த 800 டிகிரி அளவில் உலையில் வைத்தால் பவுடர் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். தேன்குழல் அச்சில் மாவு காய்ந்து போனால் ஊறவைத்தாவது எடுக்கலாம், இது வரவே வராது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆறு கிண்ணங்களை இப்படிக் கெடுத்தேன். பிரஷ் போட்டு, காற்றடித்து, மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கிறதென்று அனுப்பிவிட்டேன். பிறகு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் துளைகளின் அடிப்பக்கம் கெட்டியாகக் கிடந்தது. அந்த இடத்தில் எலும்பு நுழைய வழியே இல்லை. ஆறையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

போன மாதம் தேவகோட்டைப் பையன் ஒருவன், "தட்டிட்டேன்ணே, ஒண்ணும் விழலை" என்றான். பிளேட்டை வாங்கிக் கவிழ்த்து, கீழே வெள்ளைத்தாள் விரித்து, பக்கவாட்டில் ரப்பர் சுத்தியால் தட்டினேன். நாலாவது தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இறங்கியது, அப்புறம் நிற்கவே இல்லை.

அதனால் கண்ணை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். பிளேட்டை அச்சடிக்கும் முன்பே எடை போட்டு வையுங்கள். அச்சைத் தாங்கும் சப்போர்ட் உட்பட ஃபைல் சொல்லும் கன அளவை, கன சென்டிமீட்டரில் எடுத்து, கலவையின் அடர்த்தியான 4.43ஆல் பெருக்கினால் கிராமில் வரவேண்டிய எடை கிடைக்கும். தட்டத் தட்ட, பிளேட்டின் எடை போக மீதி குறைந்து அதன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். எடை குறைவது நின்றும் கணக்கைவிட அதிகமாகவே இருந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது. பெரும்பாலும், கீழ்வாயைக் கெட்டி சப்போர்ட்டால் மூடி வடிவமைத்ததுதான் காரணம், பவுடர் வெளியேறும் வழியை வரையும்போதே விட்டுவிடுங்கள்.

ஒயர் கட்டிங்குக்கு முன்

பிளேட்டிலிருந்து உறுப்பை மின்கம்பியால் அறுக்கும்போது தண்ணீர் ஏறினால் பவுடர் சேறாகும். முன்பே காலி செய்யுங்கள்.

வரைபடத்துத் துளையை நம்புவது

துளைகளைச் சுற்றியுள்ள கம்பிகள் வரைந்ததைவிடத் தடித்து வரும், பாதி உருகிய மணிகளும் மேலே ஒட்டும், துளை சுருங்கும். கெட்டி டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110 ஜிகாபாஸ்கல், புற எலும்புக்கு 20 சொச்சம்தான். உலோகமே பாரத்தையெல்லாம் தாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்பு மெலியும், அதற்காகவும்தானே துளை வைக்கிறோம்! கூடவே ஒரு சோதனைத்துண்டு அச்சடித்து, வெட்டி, மைக்ரோஸ்கோப்பில் அளந்து பாருங்கள்.

பழைய பவுடர்

ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிஜன் ஏறும். மருத்துவ உறுப்புகளுக்கான டைட்டானியக் கலவையான கிரேடு 23க்கு வரம்பு 0.13 சதவீதம்.

சாதாரண வாக்குவம் கிளீனர்

கூடவே கூடாது, தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், உலோகத் தீக்கான டி வகுப்பு அணைப்பான் கதவோரமே இருக்க வேண்டும்.