இருபது உருப்படி இருந்தால் பல்சுவை ஆகிவிடாது

கொழும்பில் தமிழ் மன்றமோ பழைய மாணவர் சங்கமோ கலைவிழாவுக்கு நாள் குறித்துவிட்டால், யாராவது ஒருவர் நிகழ்ச்சி நிரலோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் தலைமுறை இடறி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழப்போகிறார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஒலிவாங்கியைச் சோதியுங்கள், ஒத்திகைக்கு நேரத்துக்கு வாருங்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர்கள் மேடைப் பக்கம் வரவே வேண்டாம்.

எண்ணிக்கையைப் பல்சுவை என்று நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. வெள்ளவத்தையில் ஒரு விழா. 'இருபது உருப்படிகள்' என்று அழைப்பிதழில் பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். அவற்றில் பதினேழு குழு நடனம். மிச்சம் ஒரு வில்லுப்பாட்டு, ஒரு தனிநடிப்பு, மட்டக்களப்பிலிருந்து வரவழைத்த ஒரு வடமோடிக் கூத்து. நடனத்துக்கு நடனம் பாட்டு மாறியது, உடுப்பின் நிறம் மாறியது. ஆனால் எல்லாவற்றிலும் ஏழெட்டுப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று, ஒலிப்பதிவுக்கு ஐந்து நிமிடம் ஆடிவிட்டுப் போனார்கள்.

கூத்துக்குப் பத்தொன்பதாவது இடம். முறை வந்தபோது இரவு ஒன்பதரை. பிள்ளை ஆடி முடித்த கையோடு பெற்றோர் கிளம்பியிருந்தார்கள். வத்தளைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போக வேண்டியவர்கள் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட்டார்கள். நேரம் தாண்டினால் மண்டபத்துக்கு மேலதிகக் கட்டணம் என்பதால், எட்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லி, கூத்தை நடத்தும் அண்ணாவியாரிடம் ஒரு பையனை அனுப்பினார்கள். கூத்தில் பாத்திரங்கள் ஆடிக்கொண்டு சபைக்கு வரும் வரவு ஆட்டத்துக்கே அந்த நேரம் காணாது. மனிதர் ஒன்றும் பேசவில்லை. மத்தளத்தின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடைக்குப் போனார். அரசன் வந்து சபையில் நிற்பதற்குள் திரையை இழுத்துவிட்டார்கள். இரவு ரயிலில் வந்தவர்கள் அவர்கள். அழைத்த செலவும் வீண், மண்டபக் காசும் கூடிப்போயிற்று.

உயிரியல்காரர்கள் இந்தக் குழப்பத்தை எப்போதோ தீர்த்துக்கொண்டார்கள். ஒரு காட்டில் எத்தனை இனங்கள் உள்ளன என்பது ஒரு கேள்வி; ஒவ்வோர் இனத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்னொரு கேள்வி. இரண்டாம் உலகப் போரில் பிளெச்லி பார்க்கில் எதிரியின் சங்கேதங்களை உடைத்த எட்வர்ட் சிம்சன், 1949இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரையில் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தால் இரண்டும் ஒரே இனமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? அந்த வெள்ளவத்தை நிரலுக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 72 வருகிறது. அதே நான்கு வகைகளை ஐந்தைந்தாக வைத்திருந்தால் 21தான்.

'நடனங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறுதானே?' என்பார்கள். உணவுப் பழக்கத்தை ஆராயும் பார்பரா றோல்ஸும் சகாக்களும் 1981இல் வெளியிட்ட சோதனைகள் இதற்குப் பதில் சொல்கின்றன. நான்கு விதமான சாண்ட்விச் கொடுத்தபோது, ஒரே விதத்தைக் கொடுத்தபோது உண்டதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மக்கள் சாப்பிட்டார்கள். சுவை, நிறம், பதம் மூன்றும் வேறுபட்ட யோகட்டிலும் கூடுதலாகவே சாப்பிட்டார்கள். ஸ்ட்ரோபெரி, ராஸ்பெரி, செர்ரி என்று சுவை மட்டும் மாறிய யோகட்டில் அந்தக் கூடுதல் இல்லை. பாட்டும் உடுப்பும் மட்டும் மாறிய நடனங்களும் அந்த யோகட் போலத்தான்.

ஆகவே நிரலில் பாட்டின் பெயரை எழுதாதீர்கள். மேடையில் எத்தனை பேர், ஆட்டமா பேச்சா, நேரடி வாத்தியமா ஒலிப்பதிவா, சிரிப்பா சோகமா என்று எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒத்துப்போனால் ஒன்றை நகர்த்துங்கள். எல்லாப் பிள்ளைகளும் மேடையேற வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்கு மூன்று நடன ஆசிரியர்களின் பிள்ளைகளை ஒரே உருப்படியில் சேர்க்கலாம். ஆசிரியர்களுக்கு முகம் கோணும். கோணட்டும்.

பெயர் கொடுத்த ஒழுங்கிலேயே மேடையேற்றுவது

அமெரிக்காவில் வோடவில் என்ற பல்சுவை அரங்கு கொடிகட்டிப் பறந்த நாட்களில் வரிசை அமைப்பதே தனித் தொழிலாக இருந்தது. முதலில் கழைக்கூத்து அல்லது பழக்கிய விலங்குகள். பிந்தி வருகிறவர்கள் இருக்கை தேடும் சத்தத்தில் வசனம் எடுபடாது அல்லவா? பெரிய நட்சத்திரத்துக்குக் கடைசிக்கு முந்திய இடம். கடைசியில் மறுபடியும் பேச்சில்லாத ஒன்று, போகிறவர்கள் போகலாம். முன்திரைக்கு முன்னால் ஒருவர் பாடிக்கொண்டிருக்க, பின்னால் அடுத்த காட்சிக்குச் சாமான்கள் ஏறும். நம் இசை நாடகங்களில் பபூனும் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார். வில்லுப்பாட்டுக் குழு வில்லையும் குடத்தையும் அடுக்கி ஒலிவாங்கிகளை வைக்கும்வரை சபையை இருட்டில் உட்கார வைப்பதை விட்டு, தனிநடிப்பை அங்கே போடுங்கள்.

பிரதம விருந்தினருக்காகக் காத்திருப்பது

தொடங்குங்கள்.

நடுவில் பொன்னாடை போர்த்துவது

கூடாது. யாருக்கும் கூடாது.

படித்த கோட்பாட்டை இடம் மாற்றிப் பொருத்துவது

நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகள் சிலர் றொஸ் அஷ்பி என்ற ஆங்கிலேய அறிஞரை மேற்கோள் காட்டுகிறார்கள். பார்வையாளர் பலவிதம், எனவே நிகழ்ச்சியும் பலவிதமாக வேண்டும் என்று அவர் சொன்னாராம். சொல்லவில்லை. இயந்திரமோ உயிரோ தன்னை எப்படிக் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று ஆராயும் சைபர்னெட்டிக்ஸ் துறை பற்றி 1956இல் வந்த தன் நூலில் அவர் பேசியது கட்டுப்பாட்டைப் பற்றி: எத்தனை விதமாகத் தொல்லை வரக்கூடுமோ, அவற்றைச் சமாளிக்கும் வழிகளும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். மேடையில் அது மேடை முகாமையாளருக்கு உரிய பாடம். பாட்டுக் கோப்பு திறக்காது, நடனக் குழுவின் வான் கொழும்பின் காலி வீதி நெரிசலில் நிற்கும், மின்சாரம் போகும். எல்லாவற்றுக்கும் 'அறிவிப்பாளர் ஏதாவது பேசட்டும்' என்ற ஒரே மருந்தை வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் சபை கலைந்துவிடும். ஒலிவாங்கி இல்லாமலே பாடக்கூடியவர் ஒருவர், முன்திரைக்கு முன்னால் எந்த நேரமும் நிற்கக்கூடிய தனிநடிகர் ஒருவர், இடம் மாற்றிப் போட ஒப்புக்கொண்ட குழுக்கள் இரண்டு என்று நிரலின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். விழா நாளன்று காலையிலேயே அவர்களுக்குச் சொல்லியும் விடுங்கள்.