‘கார்ப்பஸ்’ முத்திரையும் வேறு சில வரித் தவறுகளும்: அறக்கட்டளை மருத்துவமனைகளின் கணக்கர்களுக்கு

சென்ற மாதம், வடசென்னையில் குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் செய்யும் ஓர் அறக்கட்டளையின் புதிய கணக்கர், நன்கொடை ரசீதுப் புத்தகங்கள் நான்கைத் துணிப்பையில் போட்டு என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். முதல் புத்தகத்தைப் பிரித்ததுமே, ஊதா மையில் சற்றுச் சாய்வாகக் குத்தப்பட்ட ‘கார்ப்பஸ்’ என்ற ரப்பர் முத்திரை கண்ணில் பட்டது. கார்ப்பஸ் என்றால் மூலநிதி, அறக்கட்டளை நிலையாகப் பேணி வைக்கும் முதல். புரட்டப் புரட்ட அதே முத்திரை வந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, “ஒரு லட்சத்துக்கு மேல வந்தா இதைக் குத்திடுவோம் சார், அப்பதான் வரி வராது” என்றார். பாரிமுனையில் சொல்லிச் செய்த முத்திரையாம். நன்கொடையாளர்களின் கடிதங்கள் எங்கே என்று கேட்டேன். நான்கு புத்தகங்களுக்கும் சேர்த்து இரண்டு கடிதங்கள் இருந்தன.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையே செய்தவன். என்னிடம் முத்திரை இல்லை. பேரேட்டின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொள்வேன், வேறுபாடு அவ்வளவுதான். ரிட்டர்னைத் தாமதமாகத் தாக்கல் செய்வது, பான் எண்ணைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை இங்கே தொடப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை, தெரிந்தும் நடப்பவை. பிரிவு எண்களையும் படிவ எண்களையும் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திலிருந்தே தருகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்துக்கு 2025ஆம் ஆண்டின் சட்டம் வந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குகள் பழைய சட்டத்தின்படியே பார்க்கப்படும்.

நன்கொடையாளர் எழுதாததை முத்திரை எழுத முடியாது

மூலநிதி நன்கொடையை வருமானத்தில் சேர்க்க வேண்டாம் என்று 11ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால், இந்தத் தொகை அறக்கட்டளையின் மூலநிதியில் சேர வேண்டும் என்று நன்கொடையாளர் தாமே குறிப்பாகப் பணித்திருந்தால்தான் அந்த விலக்கு கிடைக்கும். பணம் பெற்றவர் தம் விருப்பத்துக்கு அதை மூலநிதி ஆக்கிக்கொள்ள முடியாது. அதோடு, 2021ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தது: அந்தத் தொகை, சட்டம் அனுமதிக்கும் முதலீடு அல்லது வைப்பு ஒன்றில், மூலநிதிக்கென்றே தனியாகப் பேணப்பட வேண்டும். சம்பளமும் மின் கட்டணமும் போய்வரும் சேமிப்புக் கணக்கிலேயே மூலநிதியையும் போட்டு வைத்தால் இந்த நிபந்தனை அங்கேயே உடைந்துவிடுகிறது.

இது எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு, பின்னாளில் என்னிடம் வந்துசேர்ந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். தென்சென்னையில் இயங்கும் சிறிய அறக்கட்டளை அது. 2024 பிப்ரவரியில், அண்ணா நகரில் வசிக்கும் ஒருவர், மறைந்த தம் தாயாரின் நினைவாக 60 லட்சம் ரூபாய் கொடுத்தார். அப்போதைய கணக்கர் ரசீதில் ‘கட்டட நிதி’ என்று எழுதி, கணக்கில் மூலநிதி என்று காட்டி, பணத்தை நடைமுறைக் கணக்கிலேயே விட்டுவைத்தார். ஜூன் மாதம் நிர்வாகம் மனம் மாறி, அந்தப் பணத்தில் டயாலிசிஸ் இயந்திரங்கள் வாங்கிவிட்டது.

மதிப்பீட்டு அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தபோது கேட்கப்பட்ட முதல் ஆவணம் நன்கொடையாளரின் கடிதம். அது இல்லை. இரண்டாவதாகக் கேட்கப்பட்டது, ஆண்டுதோறும் மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டிய நன்கொடை அறிக்கையான படிவம் 10பிடி. அந்தப் படிவத்தில் நன்கொடையின் வகை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அதே கணக்கர் ‘பிற’ என்று தேர்ந்தெடுத்திருந்தார். அறக்கட்டளையே தன் கையால் எழுதிக் கொடுத்த மறுப்பு அது.

60 லட்சமும் வருமானமாயிற்று. நோயாளிகளிடம் பெற்ற கட்டணமும் சில்லறை நன்கொடைகளும் 90 லட்சம். ஆக மொத்தம் 1.5 கோடி. இதில் 15 சதவீதத்தை, அதாவது 22.5 லட்சத்தை, நிபந்தனை இல்லாமல் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். மீதமுள்ள 85 சதவீதமான 127.5 லட்சத்தை அந்த ஆண்டுக்குள் நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். செலவாகியிருந்தது 86 லட்சம். 41.5 லட்சம் குறைந்தது; அதற்கு 30 சதவீதமாக 12.45 லட்சம் வரி, மேல்வரியும் வட்டியும் தனி. இயந்திரங்கள் வாங்கிய செலவைக் காட்டியபோது, அது அடுத்த நிதியாண்டின் செலவு என்ற பதில்தான் கிடைத்தது. சட்டப்படி அதில் குறை சொல்ல இடமில்லை.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது அந்த 12.45 லட்சம்கூட அல்ல. அதைத் தவிர்க்க மூன்று கதவுகள் திறந்திருந்தும் ஒன்றின் வழியாகவும் யாரும் நுழையவில்லை என்பதுதான். பிப்ரவரியிலேயே நன்கொடையாளரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கித் தனி வைப்பில் பணத்தைப் போட்டிருக்கலாம்; தொலைபேசியில் ஒரு முறை கேட்டிருந்தால் மகிழ்ச்சியாகவே எழுதிக் கொடுத்திருப்பார். அது விடுபட்டாலும், குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்து ஆண்டுகள் வரை பணத்தைச் சேர்த்து வைக்கப் படிவம் 10 இருந்தது. அடுத்த ஆண்டே செலவிடப்போகிறோம் என்று தெரிந்திருந்தால் படிவம் 9ஏ போதும். ஜூனில் வாங்கிய இயந்திரங்களைப் பிப்ரவரி வருமானத்தோடு இணைக்கும் வழி அதில் இருந்தது. இவ்விரு படிவங்களுக்கும் ஆகஸ்ட் 31 வரை காலம் இருந்தது. ‘இது மூலநிதிதானே’ என்ற நம்பிக்கையில் எதையும் தாக்கல் செய்யவில்லை. அறிவிப்பு வந்த பிறகு, முன்தேதியிட்டு ஒரு கடிதம் வாங்கித் தந்துவிடலாமா என்று அறங்காவலர் ஒருவர் என்னிடம் கேட்டார். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். வரிச் சிக்கலாக இருந்ததைப் பொய் ஆவணச் சிக்கலாக மாற்ற நான் உடன்பட முடியாது.

ஆகவே, பெரிய தொகை வரும்போது ரசீது எழுதுவதற்கு முன்னால் கடிதத்தைக் கேளுங்கள். ‘கட்டடத்துக்காக’, ‘ஏழை நோயாளிகளுக்காக’ என்று மட்டும் இருந்தால் போதாது. ‘அறக்கட்டளையின் மூலநிதியில் சேர்க்க வேண்டும்’ என்ற சொற்கள் அதில் இருக்க வேண்டும். தேதி, தொகை, காசோலை அல்லது பரிமாற்ற எண், கையொப்பம் ஆகியவை இருக்கட்டும். படிவம் 10பிடியில் அதே வகையையே தேர்ந்தெடுங்கள். முறையான மூலநிதியாகவே இருந்தாலும், அதிலிருந்து எடுத்து இயந்திரம் வாங்கினால் அந்தச் செலவு 85 சதவீதக் கணக்கில் சேராது. எடுத்த தொகையைப் பின்னர் வருமானத்திலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மூலநிதிக்குத் திருப்பிச் செலுத்தும்போதுதான், திருப்பிய ஆண்டின் செலவாக அது கணக்கில் வரும். எல்லா நன்கொடையையும் மூலநிதி ஆக்கிவிடத் துடிக்கும் நிர்வாகிகளுக்கு இந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

“மருத்துவமனைக்கு ஜிஎஸ்டி கிடையாது”

சிகிச்சைக்குக் கிடையாது, மருத்துவமனை வளாகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அப்படியில்லை. உள்நோயாளிக்குச் சிகிச்சையின் பகுதியாகக் கொடுக்கும் மருந்தும், மருத்துவர் பரிந்துரைப்படி கொடுக்கும் உணவும் விலக்குப் பெற்றவை. அதே மருந்தை வெளிநோயாளிக்கு விற்றாலும், அதே உணவகத்தில் பார்வையாளர் சாப்பிட்டாலும் வரி உண்டு. வாசலில் ஏடிஎம்முக்கோ தேநீர்க் கடைக்கோ இடம் விட்டு வாங்கும் வாடகைக்கு 18 சதவீதம்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. தேநீர்க் கடை வாடகை மாதம் 18,000 ரூபாய், ஆண்டுக்கு 2.16 லட்சம்தான், 20 லட்சம் வரம்பைத் தொடவில்லையே, பதிவு எதற்கு என்று நினைக்கிறார்கள். அந்த வரம்பை அளக்கும் மொத்த விற்றுமுதலில் விலக்குப் பெற்ற சிகிச்சைக் கட்டணங்களும் சேரும். சிகிச்சையில் 3 கோடி வரவுள்ள மருத்துவமனை, வரிக்குரிய முதல் ரூபாயைப் பெறும்போதே வரம்பைத் தாண்டியதாகிறது. ஆண்டுக்கு 38,880 ரூபாய் வரி பெரிதல்ல. பதிவில்லாமல் கடந்த ஆண்டுகளுக்கெல்லாம் வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும்போதுதான் தெரியும்.

அறை வாடகையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தவிர மற்ற அறைகளுக்கு நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீத வரி உண்டு. உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வழி, கிடையாது. தாண்டிய தொகைக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 5,200 ரூபாய் அறைக்கு வரி 10 ரூபாய் அல்ல, 260 ரூபாய். தனியறை வாடகையை 4,900இலிருந்து உயர்த்த விரும்பும் நிர்வாகத்திடம் இந்தக் கணக்கைத் துண்டுச்சீட்டில் போட்டுக் காட்டுங்கள்.

மைத்துனரின் மருந்துக்கடை

நிர்வாக அறங்காவலரின் மைத்துனருக்கு வளாகத்து மருந்துக்கடையை மாதம் 15,000 ரூபாய்க்கு விட்டிருப்பார்கள். பக்கத்துத் தெருவில் அதே அளவு கடைக்கு 60,000 போகும். மனைவியின் சகோதரரும் சட்டத்தின் கண்ணில் உறவினர்தான். ஆண்டுக்கு 5.4 லட்சம் ரூபாய்ச் சலுகை என்று கணக்கிட்டு, அதற்கு 30 சதவீத வரியும், முதல் முறை என்றால் சலுகைக்குச் சமமான அபராதமும், பின்வரும் ஆண்டுகளில் மீண்டும் நடந்தால் அதன் இரு மடங்கும் விதிக்க இடமிருக்கிறது. இதைக் கணக்கர் அறங்காவலரிடம் நேரில் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சந்தை வாடகைக்கான மதிப்பீட்டாளர் சான்று ஒன்று கேட்டு வாங்குங்கள். பேச வேண்டியதை அந்தச் சான்று பேசிவிடும்.

மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பணம்

மாதச் சம்பளம் பெறும் மருத்துவர் வேறு, வாரம் இரண்டு நாள் வந்து நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் பெறும் மருத்துவர் வேறு. பின்னவருக்கு 194ஜே பிரிவின்படி 10 சதவீதம் வரிப் பிடித்தம் (டிடிஎஸ்). 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வரம்பு 50,000 ரூபாய். சேவை மனத்தோடு வருகிறவரிடம் எப்படிப் பிடிப்பது என்ற தயக்கம் நம் ஊரில் அதிகம். பிடிக்காமல் விட்டால், கொடுத்த தொகையில் 30 சதவீதம் அறச்செலவாக ஏற்கப்படாது. அதன்பின் மறுபடியும் அந்த 85 சதவீதக் கணக்குத்தான்.

ரொக்கம்

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு, செலவே அல்ல. வாங்குவதிலும் கவனம் வேண்டும்: ஒரே சிகிச்சைக்காகத் தவணைகளில் வாங்கினாலும், ரொக்கம் 2 லட்சத்தைத் தொட்டால் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகலாம். கொரோனா காலத்தில், 2021 ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் மருத்துவமனைகளுக்கு இதில் தளர்வு தரப்பட்டது. அந்தத் தளர்வு இன்னும் இருப்பதாக நம்பும் பில்லிங் ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன்.

10பியா, 10பிபியா

விலக்கு கோருவதற்கு முந்தைய வருமானம் 5 கோடியைத் தாண்டினாலோ, வெளிநாட்டு நன்கொடை ஒரு ரூபாய் வந்திருந்தாலோ தணிக்கை அறிக்கைக்குப் படிவம் 10பி, 10பிபி அல்ல. எல்லோரும் முதல் நிபந்தனையைப் பார்த்துவிட்டு இரண்டாவதை மறக்கிறார்கள்.

சொத்து வரி

அறக்கட்டளைக்கு வருமான வரித் துறை தரும் 12ஏபி பதிவுச் சான்று வருமான வரிக்கு மட்டுமானது. சொத்து வரி விலக்குக்கு மாநகராட்சிக்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.

பதிவைப் புதுப்பித்தல்

அந்த 12ஏபி பதிவு ஐந்தாண்டுக்கானது; அது முடிவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 10ஏபி போயிருக்க வேண்டும். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் 5 கோடியைத் தாண்டாத அறக்கட்டளைகளுக்கு 2025 முதல் பத்தாண்டுப் பதிவு கிடைக்கிறது. காலம் நீளும்போது மறதியும் நீளும் என்பதே என் கவலை. 2023ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறுவதே 115டிடி பிரிவின் வரிக்குக் காரணமாகலாம். அது ஆண்டு வருமானத்தின்மேல் விழும் வரி அல்ல. சொத்துகளின் இன்றைய சந்தை மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து, மீதியின்மேல் உச்ச விகிதத்தில் விழுவது. அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ ஒரு புண்ணியவான் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த நாலு கிரவுண்டு நிலத்தில் மருத்துவமனை நடத்துகிறவர்கள், அந்த நிலத்தின் இன்றைய விலையை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் 2024இல் ஆணையர்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. அதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும், ‘பழைய கணக்கர் வேலையை விட்டுப் போய்விட்டார்’ என்பது எழுதும்போதே வலுவற்றதாகத் தெரியும் காரணம். பதிவாணையை எடுத்து, முடிவு நாளிலிருந்து ஆறு மாதம் பின்னோக்கி எண்ணி, வரும் தேதியை அறங்காவலர் கூட்டக் குறிப்பேட்டில் இந்த மாதமே எழுதி வையுங்கள்.