கண் மங்கியவர் கார்ட்ரிட்ஜ் பொருத்தும் முறை

கண் வைத்தியர் தந்த அட்டையில் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. இசைத்தட்டு இயந்திரத்தில் ஊசியைத் தாங்கும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜை நேராக்கும் அளவு அட்டையிலும் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவரும் என் வலது கண்ணுக்கு இரண்டிலும் கோடுகள் நெளிகின்றன. நெளிந்த கோட்டைப் பார்த்து ஊசியை நேராக்கினால் அது கோணலாகத்தான் நிற்கும். "அப்பப்பா, இது இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது" என்று பேத்தி சொல்லும்வரை எனக்கு அது தெரியவில்லை. ஆகவே விரலையும் காதையும் நம்பும் முறைக்கு மாறிவிட்டேன்.

கார்ட்ரிட்ஜ் வாங்கும்போதே பாதி வேலையைக் குறைக்கலாம். ஓடியோ டெக்னிக்கா விஎம்95, ஓர்ட்டபோன் 2எம் வகைகளில் திருகாணிக்கான மரை உடலிலேயே இருக்கிறது. கடுகளவு நட்டைத் தேடித் தரையில் தவழ வேண்டாம். ஓர்ட்டபோன் கொன்கோர்ட் வகையில், கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் கூடான ஹெட்ஷெல்லும் சேர்ந்தே வருவதால் நேராக்கும் வேலையே இல்லை. அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றவர்கள் ஹெட்ஷெல்லைக் கழற்றி ஜன்னலருகே கொண்டுவாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெற்றிலைத் தட்டத்தின் மேல் வேலை செய்யுங்கள்: தட்டத்தில் விழும் திருகாணி சத்தம் போடும், துவாயில் விழுவது பேசாது. எங்கள் வெள்ளவத்தைக் கடற்காற்றில் பித்தளை முனைகள் கறுத்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

வயர் நான்கு. வெள்ளையும் நீலமும் இடப்பக்க ஒலிக்கு, சிவப்பும் பச்சையும் வலப்பக்க ஒலிக்கு. மஞ்சள் விளக்கில் சிவப்பும் பச்சையும் என்னை ஏமாற்றியிருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள். வயரை இழுக்காமல் நுனியிலுள்ள உலோகக் குழலைச் சாமணத்தால் பிடித்துச் செருகுங்கள். இவ்வளவும் முடியும்வரை ஊசியின் மூடியைக் கழற்றவே வேண்டாம்.

இரண்டு திருகாணிகளையும், தள்ளினால் கார்ட்ரிட்ஜ் நகரும், விட்டால் நிற்கும் என்ற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். என்னிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இயந்திரம். அதில் ஹெட்ஷெல்லின் பின்முனை இறப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனைவரை 52 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். வங்கி அட்டையின் குறுகிய பக்கம் ஏறத்தாழ 54 மில்லிமீற்றர். காலாவதியான அட்டை ஒன்றில் அந்தப் பக்கத்தை இரண்டு மில்லிமீற்றர் குறைத்து வெட்டிக்கொண்டால் அதுவே அளவுகோல். ஹெட்ஷெல்லைக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி, அட்டையின் ஓர் ஓரத்தை இறப்பர் வளையத்தின் மட்டத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். அட்டை முடியும் இடத்தில் ஊசிமுனை நிற்கவேண்டும். அட்டை ஊசியில் படக்கூடாது. இதைப் பார்க்க மட்டும் கைபேசிக் கமராவை இரண்டு புத்தகங்களில் சாய்த்து, படத்தைப் பெரிதாக்குகிறேன். கண்ணிலுள்ள மங்கல் திட்டு பெரிதாவதில்லை, ஊசி மட்டும் பெரிதாகிறது.

பிறகு மூடியை மீண்டும் மாட்டிவிட்டு, பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஹெட்ஷெல்லின் இருபக்கத்திலும் வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஹெட்ஷெல் ஓரத்துக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் இடையிலுள்ள படி இரு பக்கமும் முனைக்கு முனை ஒரே அளவாக இருந்தால் அது நேராக இருக்கிறது. அளவு அட்டைகளில் பரவலான பேர்வால்ட் முறைப்படி தட்டின் நடுவிலிருந்து 66, 120.9 மில்லிமீற்றர் தூரத்திலுள்ள இரு புள்ளிகளுக்குப் பொருத்தினால், ஹெட்ஷெல்லை ஏந்தும் கையான இந்த டோன் ஆர்மில் கார்ட்ரிட்ஜைச் சற்றே திருப்பி வைக்கவேண்டும். திருப்பிய கோணத்தை விரல் சொல்லாது. அதனால் தயாரிப்பாளர் அளவோடு நின்றுவிடுகிறேன். வேறு டோன் ஆர்முக்கு இந்த 52 பொருந்தாது, அதன் கையேட்டைப் பாருங்கள். ஊசித்தண்டே உடலுக்குக் கோணலாக அமைந்த கார்ட்ரிட்ஜும் உண்டு. அதற்குப் பேத்தியின் கண்தான்.

திருகாணிகளை மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். இறுக்கும்போது கார்ட்ரிட்ஜ் திரும்பிவிடும். மறுபடியும் தடவிப் பாருங்கள், அட்டையையும் வையுங்கள்.

ஊசி தட்டை அழுத்தும் எடை விஎம்95இ வகைக்கு 2 கிராம். பெரிய எண்கள் தெரியும் சிறு தராசு போதும்.

கடைசியில் கச்சேரித் தட்டு ஒன்றை எடுத்து, பக்கத்தின் முடிவில் வரும் துக்கடாவில் ஊசியை வையுங்கள். பிழை அதிகமாகக் கேட்பது உள்வட்டங்களில்தான். 'ஸ', 'ஷ' சீறாமல் வந்தால் இசைத்தட்டை முதலிலிருந்து போடுங்கள். சீறினால் முதலில் ஊசியில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடியும் அந்த வங்கி அட்டை.