அணுஉலை எதிர்நியூட்ரினோ நிறமாலையைக் கணிப்பது எப்படி: படிப்படியான விளக்கம்

பீட்டா சிதைவின் அடிப்படையும் பைத்தானில் நம்பை அணிகளைக் கையாளும் பழக்கமும் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். உலையின் வெப்பத்திறனில் தொடங்கி, திரவ சின்டிலேட்டர் (துகள் ஆற்றலை ஒளியாக்கும் திரவம்) கண்டறிகருவியில் பதிவாகும் நிறமாலை வரை கணிப்பதே நோக்கம். துகள் இயற்பியலார் தரவுப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தும் ரூட் மென்பொருள் இதற்குத் தேவையில்லை. தொடக்கநிலையில் அது வேலையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

படி 1. பிளவு வீதம்

உலையில் யுரேனியம்-235, யுரேனியம்-238, புளூட்டோனியம்-239, புளூட்டோனியம்-241 ஆகிய நான்குமே ஏறக்குறைய எல்லாப் பிளவுகளுக்கும் காரணம். எரிபொருள் எரிய எரிய அவற்றின் பங்கு மாறும் என்றாலும், பயிற்சிக்கு முறையே 0.56, 0.08, 0.30, 0.06 என வைத்துக்கொள்ளலாம். ஒரு பிளவுக்கு ஏறத்தாழ 202, 206, 211, 214 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி மெ.எ.வோ.) ஆற்றல் கிடைக்கிறது. 3 கிகாவாட் வெப்பத்திறனைச் சராசரி ஆற்றலால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 9.1×10^19 பிளவுகள் வரும். இங்கே இட வேண்டியது வெப்பத்திறன். மின்திறனை இட்டால் விடை மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

படி 2. ஐசோடோப்புகளின் நிறமாலை

2011இல் வெளியான ஹூபர், மியூலர் மாதிரிகளைப் பயன்படுத்துங்கள். முன்னது யுரேனியம்-238 நீங்கலான மூன்றுக்கும், பின்னது யுரேனியம்-238க்கும். இரண்டிலும் வடிவம் ஒன்றே: ஐந்தாம் படிப் பல்லுறுப்புக்கோவையின் அடுக்குக்குறிச் சார்பு. யுரேனியம்-235க்கான கெழுக்கள் 4.367, −4.577, 2.100, −0.5294, 0.06186, −0.002777. ஆற்றல் 4 மெ.எ.வோ. எனில், ஒரு பிளவுக்கு, ஒரு மெ.எ.வோ.வுக்கு 0.292 வர வேண்டும். கெழுக்களை முழுமையாக்கிச் சுருக்காதீர்கள்: கடைசிக் கெழுவை −0.0028 என்று எழுதினாலே 8 மெ.எ.வோ.வில் விடை பாதிக்கும் கீழே சரிந்துவிடும்.

படி 3. குறுக்குவெட்டு (வினை நிகழும் வாய்ப்பின் அளவு)

எதிர்நியூட்ரினோ புரோட்டானில் மோதிப் பாசிட்ரானும் நியூட்ரானும் உண்டாக, குறைந்தது 1.806 மெ.எ.வோ. வேண்டும். பாசிட்ரானின் மொத்த ஆற்றலை எதிர்நியூட்ரினோ ஆற்றலிலிருந்து 1.293ஐக் கழித்துப் பெற்று, அதைப் பாசிட்ரானின் உந்தத்தால் பெருக்கி, 0.0952×10^−42 சதுர செ.மீ. என்னும் மாறிலியாலும் பெருக்குங்கள். நிறமாலையோடு இதைப் பெருக்கினால் 4 மெ.எ.வோ.வுக்குச் சற்றுக் கீழே உச்சம் தெரியும்.

படி 4. கண்டறிகருவியின் மறுமொழி

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது தலா 0.511 மெ.எ.வோ. கொண்ட இரு காமாக்கள் வெளிப்படுகின்றன; அவற்றின் ஒளியும் பாசிட்ரானின் அதே முதல் ஒளிமின்னலில் (முன்மின்னல்) சேர்ந்தே பதிவாகிறது. ஆகவே கருவி காணும் முன்மின்னல் ஆற்றல், எதிர்நியூட்ரினோ ஆற்றலைவிட ஏறத்தாழ 0.78 மெ.எ.வோ. மட்டுமே குறைவு. முந்தைய படியின் 1.293ஐயே இங்கும் கழித்தால் நிறமாலை முழுவதும் அரை மெ.எ.வோ. இடம் பெயர்ந்துவிடும். 2014இல் ரெனோ, டபுள் ஷூ, தயா பே ஆய்வுகள் அறிவித்த மேடு (கணிப்பைவிட மிகுதியாகப் பதிவான நிகழ்வுகள்) முன்மின்னல் அளவில் 5 மெ.எ.வோ.வை ஒட்டி இருக்கிறது என்பதால், கிடையச்சு எந்த ஆற்றலைக் குறிக்கிறது என்பதை வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து சின்டிலேட்டரின் நேர்கோடற்ற தன்மை, அதன் பின்னரே காஸியன் பரவல். பயிற்சிக்கு 1 மெ.எ.வோ.வில் 8 விழுக்காடு பிரிதிறன் போதும். மறுமொழி அணியில் ஒவ்வொரு நிரலும் ஓர் உண்மை ஆற்றலைக் குறிக்குமாறு அமைத்தால், நிரலின் கூட்டுத்தொகை 1 ஆக வேண்டும். நிரைகளைச் சமன்செய்தாலும் வரைபடம் அழகாகவே இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்துப் பிழையைப் பிடிக்க முடியாது; பெருக்கலுக்கு முன்னும் பின்னும் மொத்த நிகழ்வுகளை ஒப்பிடுங்கள்.

படி 5. ஒப்பீடு

அளவிட்ட நிறமாலையைத் தலைகீழாக்கி உண்மை நிறமாலையை மீட்க முயல வேண்டாம். சிறு புள்ளியியல் ஏற்ற இறக்கமும் பெரும் அலைவுகளாகிவிடும். மாதிரியை மறுமொழி அணியின் வழியே செலுத்தி, அளவீட்டோடு ஒப்பிடுவதே பாதுகாப்பானது. உலையிலிருந்து 25 மீட்டரில் 7×10^28 புரோட்டான்கள் கொண்ட ஒரு டன் சின்டிலேட்டரில், கண்டறியும் திறன் 100 விழுக்காடு எனில், நாளொன்றுக்கு 4,200 நிகழ்வுகள் அளவில் வர வேண்டும்.

பின்சேர்க்கை: உங்கள் கணிப்பு, வெளியான அளவீடுகளைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு மிகுந்திருந்தால் பைத்தான் நிரலில் பிழை தேட வேண்டாம். 2011 முதல் பேசப்படும் உலை முரண்பாடு அதுவே. 2021இல் குர்சாத்தவ் நிறுவனத்தின் பீட்டா அளவீடு, யுரேனியம்-235, புளூட்டோனியம்-239 ஆகியவற்றின் பீட்டா நிறமாலைகளுக்கு இடையிலான விகிதம், ஹூபர் மாதிரிக்கு அடிப்படையான பழைய அளவீட்டில் 5 விழுக்காடு அளவுக்குக் கூடுதலாக இருந்ததாகக் காட்டியது. மொத்த எண்ணிக்கையில் உள்ள குறையின் பெரும்பகுதியை அது விளக்கினாலும், 5 மெ.எ.வோ. மேட்டை விளக்கவில்லை.