மூச்சடக்கிச் சுழியோடுவோருக்கு: கண்ணாடி, காது, காற்று

காற்றழுத்தத்தில் இயங்கும் ஈட்டித் துப்பாக்கியைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் இளைஞர்கள், அதன் குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் ஏற்ற வேண்டும், எந்த எண்ணெயை விட வேண்டும் என்றெல்லாம் நுணுக்கமாகக் கேட்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு இறங்கப்போகிறவரின் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பத்து மீற்றர் ஆழத்தில் என்ன ஆகிறது என்பதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆகவே துப்பாக்கியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சிலிண்டர் இன்றி ஒரே மூச்சில் இறங்கி ஏறும் சுழியோட்டத்தை எப்படிச் செய்வது, அதில் வரும் கோளாறுகளை எப்படித் தீர்ப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். முருகைக்கல் பார்க்க இறங்குகிறவருக்கும், கடலடிப் பாறையான பாரில் சிக்கிய நங்கூரக் கயிற்றை விடுவிக்க இறங்குகிறவருக்கும் இது ஒன்றுதான்.

முதலில் கண்ணாடி. நீச்சல் குளத்தில் போடும், கண்களை மட்டும் மூடும் சிறு கண்ணாடியுடன் கீழே இறங்கக் கூடாது. ஆழம் கூடும்போது கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று சுருங்கி, கண்ணையும் சுற்றியுள்ள தசையையும் உறிஞ்சி இழுக்கும். மூக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடியாக இருந்தால்தான் மூக்கு வழியே சிறிது காற்றை ஊதி அந்த வெற்றிடத்தை நிரப்ப முடியும். முகம் முழுவதையும் மூடும் புதுவகைக் கண்ணாடி மேற்பரப்பில் மிதந்து பார்ப்பதற்கு மட்டுமே உரியது. மூக்கைப் பிடித்துக் காதைத் திறக்க அதில் வழியில்லை. ஏறி வந்த பிறகு வெள்ளை விழியில் இரத்தச் சிவப்புப் படர்ந்திருந்தால், நீங்கள் மூக்கால் ஊத மறந்துவிட்டீர்கள் என்று பொருள். அது பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாக மறையும். பார்வை மங்கினாலோ வலி இருந்தாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வாங்கும்போது பட்டியை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் பொருத்தி, மூக்கால் இலேசாக மூச்சை உள்ளிழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பின்னும் அது முகத்தில் ஒட்டி நின்றால் உங்களுக்குப் பொருந்தும். நழுவினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். தண்ணீர் கசிகிறது என்று வருகிறவர்களில் பலர் பட்டியை மேலும் மேலும் இறுக்கியிருப்பார்கள். இறுக்கினால் சிலிக்கன் விளிம்பு நெளிந்து கசிவு கூடுமே தவிரக் குறையாது. பட்டி பின்தலையின் அகன்ற பகுதியில், காதுகளுக்கு மேலாகத் தளர்வாக இருந்தால் போதும். அதன் பிறகும் கசிந்தால், நெற்றியில் விளிம்புக்கடியில் முடி அகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குற்றம் மீசையிலேயே இருக்கும். நம் ஆண்களுக்கு இதைச் சொல்வது கடினம். மீசையை எடுக்கத் தேவையில்லை. மூக்குக்கு நேர் கீழே, விளிம்பு அமரும் மெல்லிய கோடளவு மழித்தாலே போதுமானது. வாசலின் பூசி அடைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அது நாளடைவில் விளிம்பைக் கெடுக்கும். பூசித்தான் ஆக வேண்டுமென்றால் சிலிக்கன் கிரீஸ் பூசுங்கள்.

புதுக் கண்ணாடி என்ன செய்தாலும் புகை பிடித்தாற்போல் மங்கும். தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் கண்ணாடியின் உட்புறத்தில் இருப்பதே அதற்குக் காரணம். சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலால் உட்புறம் தேய்த்துக் கழுவுவதை மூன்று நான்கு முறை செய்தால் படலம் போய்விடும். நெருப்புச் சுவாலை காட்டும் முறை விளிம்பைப் பொசுக்கிவிடக்கூடும் என்பதால் நான் அதைச் சொல்வதில்லை. பின்பு ஒவ்வொரு முறையும் இறங்குமுன் உலர்ந்த கண்ணாடியில் எச்சிலையோ, குழந்தைகளுக்கான ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்தோ பூசி, கடல் நீரில் ஒருமுறை அலசினால் போதும். அதற்கு முன் முகத்தையும் கடல் நீரில் நனைத்துக் குளிர வையுங்கள், ஏனென்றால் வெயிலில் சூடேறிய முகத்தின் ஆவிதான் கண்ணாடியில் படிகிறது.

மூச்சுக்குழாய் எளிய பொருள். நீளமானது நல்லது என்ற எண்ணம்தான் தவறு. நீளக் குழாயில் நீங்கள் வெளிவிட்ட பழைய காற்றே மறுபடி உள்ளே வரும். சாதாரண அளவுள்ள, வளைந்த ஒரு குழாய் போதும். அடியில் வால்வு உள்ள குழாயில் களகளவென்று ஓசை வந்து தண்ணீர் நிற்காமல் ஏறினால், வால்வின் கீழ் ஒரு மணல் துணிக்கை இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவினால் சரியாகும். கீழே இறங்கும்போது குழாயை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். மயக்கம் வந்தால் திறந்த குழாய் நேரே தொண்டைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் வழியாகிவிடும்.

காலில் மாட்டும் பின்ஸ் (நீந்தும் துடுப்பு) குதிகாலில் உரசினால் மெல்லிய காலுறை போட்டுக்கொள்ளலாம். முழங்காலை மடித்து மிதிவண்டி ஓட்டுவதுபோல் அடிக்காமல், இடுப்பிலிருந்து அடிக்க வேண்டும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் மிதந்தபடி பின்ஸின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். சதை நீண்டு பிடிப்பு விடும்.

இறங்குவதற்கு எடை கூட்ட இடுப்பில் கட்டும் ஈயப் பட்டியில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நம் திருகோணமலைக் கடல் சூடானது, தடித்த இரப்பர் உடை எவருக்கும் தேவையில்லை, ஆகவே ஈயமும் அதிகம் தேவையில்லை. மெலிந்தவர்களுக்குச் சில வேளை ஈயமே வேண்டியதில்லை. மேற்பரப்பில் அசையாமல் நின்று, மூச்சைச் சாதாரணமாக வெளிவிட்ட நிலையிலும் நீங்கள் மிதக்க வேண்டும். மூழ்கினால் ஈயம் கூடிவிட்டது, ஒன்றைக் கழற்றுங்கள். சீக்கிரம் இறங்குவதற்காகக் கூட்டிக் கட்டும் ஈயம், மயங்கிய உடம்பை அடிக்குக் கொண்டுபோகும். கொக்கி ஒரே கை இழுப்பில் கழல வேண்டும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கரையில் பத்து முறை கழற்றிப் பழகுங்கள்.

எங்கே, எப்போது

வாடைக்காற்றுக் காலத்தில் திருகோணமலையின் வெளிக்கடல் கலங்கி, அலை உயர்ந்து, சுழியோட்டத்துக்கு ஆகாததாகிவிடும். சித்திரைக்குப் பின் புரட்டாதி வரை தண்ணீர் தெளிந்திருக்கும். அந்த மாதங்களிலும் கச்சான் காற்று எழுவதற்கு முன்னான காலை வேளையே சிறந்தது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில் ஆற்று நீர் கலந்து கண்ணுக்கெட்டும் தூரம் குறையும் நாட்களில் இறங்க வேண்டாம், துணை வருகிறவர் உங்களைப் பார்க்க முடியாது. நிலாவெளிக்கு நேரே இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் இடமில்லை, முருகைக்கல்லில் கால் ஊன்றவும் கூடாது. கோணேசர் மலையடியில் 1956இல் சுழியோடி மைக் வில்சன் பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளை நீருக்குள் கண்டார் என்பதைப் படித்துவிட்டு, தூண் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படும் பிள்ளைகளை நான் அறிவேன். அந்த ஆசை எனக்கும் இருந்தது. பாறை செங்குத்தாக இறங்கும் அந்த இடத்தில் நீரோட்டமும் அலையின் எதிரடியும் பலமானவை, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உரிய இடமல்ல. எங்கே இறங்கினாலும், மேலே நிறம் தெரியும் ஒரு மிதவையைக் கயிற்றில் கட்டி வைத்திருங்கள். இயந்திரப் படகில் வருகிறவருக்கு உங்கள் தலை ஒரு தேங்காயளவுகூடத் தெரியாது.

காது

கடல் மட்டத்தில் ஒரு மடங்காக இருக்கும் அழுத்தம் பத்து மீற்றரில் இரண்டு மடங்காகிறது, இருபதில் மூன்றாகிறது. ஆறு லீற்றர் காற்று நிறைந்த நெஞ்சு பத்து மீற்றரில் மூன்று லீற்றராகச் சுருங்கும். விகித அளவில் மிகப் பெரிய மாற்றம் இந்த முதற் பத்து மீற்றரிலேயே நிகழ்வதால், காது வலியும் இரண்டு மூன்று மீற்றரிலேயே வந்துவிடுகிறது. எனக்குக் கடலைப் பழக்கிய என் மாமா, "தம்பி, வலிக்க முன்னம் ஊது, வலிச்ச பிறகு ஊதிப் பிரயோசனமில்லை" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் ஒருநாள் கேட்கவில்லை. ஒரு கிழமைக்கு இடது காதில் பஞ்சு அடைத்ததுபோலவே இருந்தது.

மூக்கைப் பிடித்து ஊதுவதை நீரின் மேலேயே ஒருமுறை செய்யுங்கள். தலை கீழாகத் திரும்பிய உடனே மறுமுறை, பின்பு ஒவ்வொரு மீற்றருக்கும் குறையாமல் ஒருமுறை என்று, வலிக்குக் காத்திராமல் இலேசாக ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். நெஞ்சிலிருந்து பலமாக ஊதுவதைவிட, தொண்டையை மூடி, நாக்கின் அடியை மேலே தள்ளி, வாய்க்குள் இருக்கும் காற்றை மட்டும் மூக்கின் பின்புறம் அழுத்துவது தலைகீழாக இருக்கும்போது எளிது. முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, மூக்கைப் பிடித்து, ‘க்’ என்ற ஒலிக்கு நாக்கைத் தயார்ப்படுத்துவதுபோல் பழகினால் சில நாட்களில் கைவரும். கழுத்தை நிமிர்த்தி அடியைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறவருக்கு, மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குக் காற்றுப் போகும் குழல் இறுகிக் காது திறக்காது. தாடையை நெஞ்சுப் பக்கம் வைத்து, எதிரே இருக்கும் மிதவைக் கயிற்றைப் பாருங்கள். ஒரு காது மட்டும் அடைத்தால் ஒரு மீற்றர் ஏறி, அந்தக் காதை மேலே பார்க்கச் சாய்த்து மறுபடி முயலலாம். இரண்டாம் முறையும் திறக்காவிட்டால் அன்று அந்த இறக்கம் முடிந்தது. தடிமன் பிடித்திருக்கும் நாளில் மருந்து போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவதும் ஆபத்தே, ஏனென்றால் மருந்தின் வேகம் அடியில் தீர்ந்துவிட்டால் ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். காதடைப்பான் எதையும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் இடையே அகப்படும் காற்றை ஊதி நிரப்ப எந்த வழியும் இல்லை.

காற்று

அடியில் வரும் மூச்சுமுட்டல் பிராணவாயு குறைந்ததால் வருவதில்லை. கரியமிலவாயு சேர்ந்ததால் வருவது. இந்த ஒன்றை விளங்கிக்கொள்ளாததால்தான் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் சாகிறார்கள். இறங்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விடுகிறவர், தம் இரத்தத்தில் பிராணவாயுவைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதில்லை. கரியமிலவாயுவைக் குறைத்து, ‘மேலே போ’ என்று சொல்லும் மணியை மட்டும் ஊமையாக்குகிறார். மணி அடிக்காததால் சுகமாக இருக்கிறது என்று நம்பி அவர் அடியில் தங்குகிறார்.

ஆபத்து ஏறும்போதுதான் வருகிறது. பத்து மீற்றரில் ஒருவரின் நெஞ்சுக்காற்றில் பிராணவாயு 7 சதவீதமாகக் குறைந்திருந்தாலும், அங்கே அழுத்தம் இருமடங்காக இருப்பதால் மேற்பரப்பில் 14 சதவீதம் இருப்பதற்கு ஒப்பாக உடம்பு உணரும். அவர் ஏறி வர வர அழுத்தம் பாதியாகி, அதே 7 வெறும் 7 ஆகிறது. அது நினைவைத் தாங்கப் போதாது. அதனால்தான் மயக்கம் பெரும்பாலும் கடைசிச் சில மீற்றரிலோ, தலை வெளியே வந்து முதல் மூச்சை விட்ட பின்னரோ வருகிறது. முன்னறிவிப்பு எதுவும் இருப்பதில்லை. என் கூட்டாளி ஒருவன் மேலே வந்து, கண்ணாடியைக் கழற்றி, என்னைப் பார்த்துச் சிரித்த பிறகு சரிந்தான். நான் ஒரு கை தூரத்தில் இருந்தேன். படகுக்குத் திரும்பியிருந்தால் அவன் இன்று இல்லை.

ஆகவே இறங்குமுன் இரண்டு நிமிடம் முகம் கவிழ்ந்து மிதந்து, வழக்கமான வேகத்தில் மூச்சு விடுங்கள். கடைசியில் ஒரே ஒரு முழு மூச்சை எடுத்து இறங்குங்கள். விரல் நுனியோ உதடோ விறுவிறுத்தால் நீங்கள் அளவுக்கு மேல் மூச்சை இழுத்து விட்டிருக்கிறீர்கள், நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். அடியில் இருந்த நேரத்தைப்போல் இரு மடங்காவது மேலே ஓய வேண்டும். மேலே வந்ததும் நெஞ்சிலுள்ள காற்று முழுவதையும் ஒரேயடியாக வெளியே தள்ளாமல், சிறிது விட்டு, உடனே நிறைய உள்ளிழுத்து, ஒரு கணம் நிறுத்தி, மறுபடியும் அப்படியே மூன்று நான்கு முறை செய்யுங்கள். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே இருந்து பார்க்க வேண்டும், இருவரும் சேர்ந்து இறங்கக் கூடாது. ஏறி வந்தவரின் முகத்தை முழுதாக 30 வினாடி பார்த்த பின்பே, மேலே காத்திருந்தவர் தம் முறையைத் தொடங்கலாம்.

இன்னொன்று, சிலிண்டருடன் அடியில் நிற்கும் நண்பரிடம் விளையாட்டாக ஒரு மூச்சு வாங்கிவிட்டு ஏறுவது பற்றியது. அங்கே வாங்கிய காற்று அழுத்தப்பட்ட காற்று. மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அது பெருத்து நுரையீரலைக் கிழிக்கும். எவர் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

ஒருவர் நீருக்குள் மயங்கினால் ஈயப் பட்டியைக் கழற்றி விட்டு, வாயையும் மூக்கையும் பொத்தியபடி மேலே கொண்டுவாருங்கள். முகத்தை நீருக்கு மேல் தாங்கி, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, கண்ணருகே ஊதி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ‘மூச்சு விடு’ என்று சொல்லுங்கள். பலர் இதிலேயே திரும்புவார்கள். பத்து வினாடிக்குள் மூச்சு வராவிட்டால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து இருமுறை ஊதி, படகிலோ கரையிலோ ஏற்றிய உடனே, மூச்சும் அசைவும் இல்லையென்றால், மூச்சூதுவதோடு நெஞ்சை அழுத்தும் முதலுதவியையும் தொடங்கி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். கண் திறந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அவரை அன்று மறுபடி இறங்க விடக் கூடாது. நுரை இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, சிறிதளவு தண்ணீர் குடித்திருந்தாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன உப்பு நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கும்.