கிளெஸ்தக்கோவைப் புளுகனாக நடிக்க வைக்காதீர்கள்

ரஷ்ய எழுத்தாளர் கோகலின் 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' நாடகத்தைப் போடப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே நடிகர்களிடம் "யாரும் சிரிக்கவைக்க முயல வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். நடிகர்களுக்கு எழுதிய குறிப்பில் கோகலும் இதைத்தான் கேட்டுக்கொள்கிறார். 1836இல் பீட்டர்ஸ்பர்கில் நாடகம் அரங்கேறியபோது, சோதனைக்கு வந்த அரசு அதிகாரி என்று ஊரே தவறாக நினைத்துப் பயப்படும் நாயகன் கிளெஸ்தக்கோவை வெறும் புளுகனாக ஆக்கிவிட்டார்களே என்று அவர் நொந்துபோனார்.

முதல்முறை இயக்கியபோது நானும் அதே தவறைச் செய்தேன். எங்கள் கிளெஸ்தக்கோவ் சபையைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் திட்டம் போட்டு ஏமாற்றுகிறவன் என்று ஆனதுமே ஊர்க்காரர்களின் பயம் பொய்யாகிவிட்டது.

உண்மையில் அவன் யார்? சீட்டாட்டத்தில் பணத்தைத் தோற்று, சத்திரத்தில் சாப்பாட்டுப் பாக்கியோடு மாட்டிக்கொண்ட கடைநிலை குமாஸ்தா. வயது 23 இருக்கும். மேயர் அறைக்குள் நுழையும்போது, தன்னைச் சிறைக்குக் கொண்டுபோக வந்திருக்கிறார் என்று நடுங்குகிறான். மேயரோ, தலைநகரிலிருந்து மாறுவேடத்தில் வந்த அதிகாரி இவன்தான் என்று நடுங்குகிறார். இந்த ஒரு காட்சிக்கே நான் ஒரு வாரம் ஒத்திகை வைப்பேன். வசனமே இல்லாமல் நடிக்கச் சொல்லுங்கள். இருவர் உடம்பிலும் பயம் தெரிந்த பிறகு வசனத்தைக் கொடுங்கள்.

மூன்றாம் அங்கத்தில் விருந்தும் மதுவும் முடிந்து அவன் அளக்கத் தொடங்குகிறான். 700 ரூபிள் தர்பூசணி, பாரிசிலிருந்து கப்பலில் சட்டியோடு வரும் சூப், தன்னை அழைக்க ஓடிவந்த 35,000 தூதர்கள். அடுத்து என்ன சொல்லப் போகிறோம் என்பது அவனுக்கே தெரியக் கூடாது. சொல்லச் சொல்லத் தானே நம்பிப் பூரிக்கட்டும். கேட்பவர்கள் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்கட்டும்.

ஊர் அதிகாரிகள் ஒவ்வொருவராக அவனுக்கு லஞ்சம் கொடுக்கும் காட்சிகள் தாமாகவே ஓடும். ஆனால் உள்ளூர் நிலக்கிழார் பொப்சின்ஸ்கி வரும் இடத்தில் நிதானமாக இருங்கள். இந்த ஊரில் பொப்சின்ஸ்கி என்று ஒருவன் வாழ்கிறான் என்று ஜார் மன்னரிடம் சொன்னால் போதும் என்கிறான் அவன். வேறு எதுவும் கேட்கவில்லை. அப்புறம், மேயர் சாட்டையால் அடிக்கவைத்த பெண்ணின் புகாரை நேரம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். ஊழலில் அடிபட்டவர்களின் குரல் மேடைக்கு வரும் இடம் அது.

உண்மையான அதிகாரி வந்துவிட்டார் என்ற செய்தியோடு எல்லோரும் சிலையாகும் கடைசிக் காட்சியை, ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் நீடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார் கோகல். கடிகாரம் வைத்துப் பழகுங்கள். சபையில் முதலில் சிரிப்பு எழும், பிறகு அடங்கும். அது முழுக்க அடங்கும்வரை திரையை இறக்காதீர்கள்.