வட்டக்கானல் பாதையில் இறங்கும் முன்

மதுரையிலிருந்து சனி, ஞாயிறுகளில் கொடைக்கானல் போகிறவர்கள் பலருக்கும் பக்கத்திலுள்ள வட்டக்கானல் கிராமத்திலிருந்து, பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் டால்பின் மூக்குப் பாறை வரை நடந்துவிட்டு வர ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் இந்தப் பாதை போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். களைத்த காலோடுதான் ஏற வேண்டியிருக்கும். ஆகவே பாதித் தண்ணீரைத் திரும்பும் வழிக்கென்றே மிச்சம் வையுங்கள்.

வழியில் மண் அரித்து, மரவேர்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பலரும் அவற்றையே படியாக நினைத்து மிதிக்கிறார்கள். மழை பெய்திருந்தால் வேர் வழுக்கும். வேர்களுக்கு நடுவே இருக்கும் மண்ணில், பாதத்தைப் பக்கவாட்டில் பதித்து இறங்குங்கள். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். அடிப்பாகம் தேய்ந்த ஷூவும் அப்படித்தான்.

காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் பாறை எங்கே முடிகிறது என்பதே தெரியாது. படம் எடுப்பதற்காக முனைக்குப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. குழந்தைகளின் கையை ஒரு நொடிகூட விடாதீர்கள்.

காட்டுமாடு தென்பட்டால் தூரத்திலேயே நின்று, அதற்கு வழிவிடுங்கள். செல்போனை நீட்டிக்கொண்டு நெருங்க வேண்டாம்.

சொந்த வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம்; அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருக்கிறது. வீட்டிலேயே எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.